ட்ரஸ்ஸல் உணவு வங்கி: பிரிட்டன் சபைகளின் பந்திவிசாரணை பற்றி ஒரு மதிப்புரை

வாடகையும் மின்கட்டணமும் கட்டிய பிறகு அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்கு மூன்று நாளுக்கான சாப்பாட்டுச் சாமான் கொடுப்பதுதான் பிரிட்டனில் ட்ரஸ்ஸல் உணவு வங்கிகள் செய்யும் வேலை. நாடு முழுக்க 1,400-க்கும் மேற்பட்ட இடங்களில் இது நடக்கிறது. பல இடங்களில் தேவாலய மண்டபத்தில், சபை மக்களின் உழைப்பில் நடக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ற பேச்சே கிடையாது. எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் வரலாம்.

இலவசமாகச் சோறு போடும் சபைகள் உலகமெங்கும் உண்டு. இந்தச் சேவையை நான் உயர்வாக வைப்பதற்குக் காரணம், யாருக்குக் கொடுப்பது என்ற அதிகாரத்தைச் சபை தன் கையில் வைத்துக்கொள்ளாததுதான். மற்ற நிறைகுறை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

1997-இல் கேரல், பேடி ஹெண்டர்சன் என்ற தம்பதி தொடங்கிய அமைப்பு இது. கேரலின் தாயார் பெட்டி ட்ரஸ்ஸல் விட்டுச்சென்ற பணத்தில் தொடங்கியதால் அவர் பெயரே வைக்கப்பட்டது. பல்கேரியாவின் சோஃபியா ரயில் நிலையத்தில் படுத்துறங்கிய பிள்ளைகளுக்கு உதவுவதுதான் அப்போதைய நோக்கம். 2000-ஆம் ஆண்டு, சாலிஸ்பரியில் ஒரு தாய், தன் பிள்ளைகள் இன்றிரவு பட்டினியாகப் படுக்கப்போவதாகத் தொலைபேசியில் முறையிட்டார். அதற்குப் பிறகுதான் ஹெண்டர்சன் வீட்டுக் கொட்டகையில் முதல் உணவு வங்கி உருவானது. 2004 முதல் மற்ற ஊர்ச் சபைகளுக்கும் இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். 2010–11-இல் சுமார் 61,000 பொதிகள் கொடுத்த வலையமைப்பு, 2023–24-இல் 31 லட்சத்துக்கும் அதிகமாகக் கொடுத்தது. அதில் 10 லட்சத்துக்கு மேல் பிள்ளைகளுக்கானவை. ஒரே குடும்பம் பலமுறை வாங்கியதும் இந்தக் கணக்கில் சேரும். கொண்டாட வேண்டிய வளர்ச்சி என்று இதை யாரும் சொல்ல முடியாது. உணவு வங்கியே தேவைப்படாத நாடு வேண்டும் என்பதுதான் ட்ரஸ்ஸல் தன் இலக்காகச் சொல்வதும்.

இனி, சேவை நடக்கும் விதம். நேராகப் போய் வாசலில் நின்றால் பொதுவாகப் பை கிடைக்காது; வவுச்சர் வேண்டும். அதை எழுதித் தருவது போதகரோ மூப்பரோ அல்ல. குடும்ப மருத்துவர், பள்ளிக்கூடம், குழந்தை பிறந்த வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டர், சமூகப் பணியாளர், கவுன்சிலின் வீட்டுவசதி அலுவலர், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு போன்றவர்கள் தருவார்கள். முன்பு சிவப்புத் தாளாக இருந்தது, இப்போது பெரும்பாலும் கைப்பேசிக்கு வரும் ஓர் எண். வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, நெருக்கடி எதனால் வந்தது, சாப்பாட்டில் விலக்கு ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் பதிவாகும். வவுச்சர் இல்லாமல் வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்பாமல், அங்கேயே உட்காரவைத்துப் பரிந்துரைக்கும் ஓர் அமைப்பைத் தொலைபேசியில் பிடித்துத் தருவதுதான் நல்ல மையங்களின் வழக்கம்.

இந்த வவுச்சர் முறை ஏழையை அலைய விடுகிறது என்று குறை சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். காய்ச்சலோடு கிடக்கும் தாய்க்கு மருத்துவரிடமிருந்து ஓர் எண் வாங்குவதே பெரும்பாடு. ஆனால் இந்த முறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தமிழ்ச் சபைகளில் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போதகருக்கு வேண்டியவர் முதலில் நிற்பார், ஞாயிறு ஆராதனைக்கு வராதவர் கடைசியில் நிற்பார். வாங்கியவர் நன்றிக்கடனாகச் சபைக்கு வரத் தொடங்குவார், வராவிட்டால் பேச்சு எழும். தேவையை அளக்கிறவர் வேறு, பையைத் தூக்கிக் கொடுக்கிறவர் வேறு என்று பிரித்துவிட்டதால் இந்த நோய்க்கு இங்கே இடமில்லாமல் போகிறது. அதோடு, பரிந்துரைத்தவருக்கு அந்தக் குடும்பத்தின் நிலைமை தெரிந்திருப்பதால், அடுத்த உதவி எது என்பதையும் அவரே தொடர முடிகிறது. ஆறு மாதத்தில் மூன்று வவுச்சர் என்பது நெடுநாள் வழிகாட்டியாக இருந்தது. அதைத் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பரிந்துரைத்தவரை அழைத்து, ஏன் நெருக்கடி தீரவில்லை என்று பேசுவதற்கான ஓர் அடையாளம்தான் அது.

விசா பற்றி ஒரு விஷயம், தமிழர்கள் பலர் இதில் குழம்புகிறார்கள். மாணவர் விசாவிலோ பராமரிப்புப் பணி விசாவிலோ வந்தவர்களுக்கு அரசின் பொது நிதியைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். உணவு வங்கியில் வாங்கும் சாமான் அந்தப் பொது நிதியில் சேராது. அது தொண்டு நிறுவனம் கொடுப்பது. வாங்கினால் விசாவுக்குப் பாதகம் என்று பயந்து பட்டினி கிடப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மண்டபத்துக்குள் போனால் கவுண்டரும் வரிசையும் இருக்கக்கூடாது. நல்ல மையத்துக்கு அடையாளமே அதுதான். சின்னச் சின்ன மேசைகள், நாற்காலிகள், தேநீர், பிஸ்கட். தன்னார்வலர் ஒருவர் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்து வவுச்சரைச் சரிபார்ப்பார். பட்டியலைக் காட்டி எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்பார். அந்தப் பட்டியல் பின்னறைக்குப் போகும், அங்கே இருவர் பையைக் கட்டுவார்கள். கட்டி முடிக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடப் பேச்சில்தான் உண்மையான வேலை நடக்கிறது. பை எதற்குத் தேவைப்பட்டது என்பது அப்போதுதான் வெளியே வரும்: முன்கூட்டியே காசு போட்டால்தான் மின்சாரமும் எரிவாயுவும் வரும் ப்ரீபேமெண்ட் மீட்டரில் காசு தீர்ந்திருக்கும், அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணத்துக்கான ஐந்து வாரக் காத்திருப்பு நடந்துகொண்டிருக்கும், அல்லது கடன்காரரின் கடிதம் பிரிக்கப்படாமலே கிடக்கும். மீட்டர் பிரச்சினைக்கு ஃபூயல் பேங்க் ஃபவுண்டேஷன் மூலம் சில மையங்களில் எரிபொருள் வவுச்சர் கிடைக்கும். கடனுக்கு ஆலோசகரிடம் அனுப்புவார்கள். ஆலோசகரையே மண்டபத்தில் ஒரு மேசைபோட்டு உட்காரவைத்திருக்கும் மையங்களுக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். துண்டுச்சீட்டில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தால் பாதிப்பேர் கூப்பிடுவதில்லை. பக்கத்து மேசைக்கு எழுந்து போவது எல்லாருக்கும் முடியும்.

பைக்குள் என்ன இருக்கும்? ஒரே ஆளுக்கான மூன்று நாள் பை ஏறக்குறைய இப்படி இருக்கும்: சின்னப் பெட்டி சீரியல், சூப் டின் இரண்டு, பேக்டு பீன்ஸ் இரண்டு, தக்காளி அல்லது பாஸ்தா சாஸ், காய்கறி டின் இரண்டு, இறைச்சி டின் அல்லது சைவ டின் இரண்டு, மீன் டின் ஒன்று, பழ டின் ஒன்று, அரிசிப் பாயச டின் அல்லது கஸ்டர்ட், பிஸ்கட், அரைக் கிலோ பாஸ்தா அல்லது அரிசி, தேயிலைப் பைகள், கெடாத பால் ஒரு லிட்டர், பழச்சாறு ஒரு லிட்டர். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆட்கள் கூடக் கூட அளவு ஏறும். சோப்பு, பற்பசை, சானிட்டரி நாப்கின், குழந்தைக்கான நாப்பி ஆகியவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று தெரிந்த தன்னார்வலர் தானே முந்திக்கொண்டு கேட்பார்.

பசியை ஆற்ற இந்தப் பை போதும், ஊட்டமும் மோசமில்லை. ஆனால் எல்லாம் டின், உப்பு கூடுதல். பச்சைக் காய்கறி கிடைப்பது அந்த வாரத்து அதிர்ஷ்டம். குளிர்சாதன அறை வைத்திருக்கும் மையங்கள் குறைவு என்பதால் முட்டை, தயிர், கோழி எதிர்பார்க்க முடியாது.

தமிழ் வீட்டுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது, வாய்விட்டுச் சொன்னால்தான் மாறும். இறைச்சி டின் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சிதான். கோழி அரிது, ஹலால் அதைவிட அரிது. மாடு சாப்பிடாதவர்கள் மேசையிலேயே சொல்லிவிட்டால் மீன் டின்னும் கொண்டைக்கடலையுமாக மாற்றித் தருவார்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் முட்டை கலந்த பண்டமும் ஜெலட்டின் உள்ள இனிப்பும் வந்துவிடும். ஆகவே எது கூடாது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மூன்று நாளுக்கு அரைக் கிலோ அரிசி என்பது சோறு சாப்பிடுகிறவருக்கு எட்டாது. பாஸ்தாவுக்குப் பதிலும் அரிசியே கேட்டால், கையிருப்பு இருந்தால் தருவார்கள். இன்னொன்று: வீட்டில் சமைக்க என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரே அறையில் கெட்டில் மட்டும் வைத்து வாழ்கிறவருக்கு கெட்டில் பெட்டி என்று தனியாக உண்டு: வெந்நீர் ஊற்றினால் தயாராகும் நூடுல்ஸ், கப் சூப், ஓட்ஸ், உடனடி உருளைக்கிழங்கு மசியல். மின்சாரமே இல்லாதவருக்கு அப்படியே திறந்து சாப்பிடும் குளிர்ப் பெட்டி. இதைச் சொல்லாமல் வாங்கிப்போனால் அரிசியும் பருப்பும் மூலையில் கிடக்கும்.

பின்னால் இருக்கும் கிட்டங்கி வேலையைப் பார்த்தால்தான் ஒரு மையம் எவ்வளவு ஒழுங்கானது என்று தெரியும். வரும் சாமானை முதலில் எடைபோட்டுப் பதிய வேண்டும். பிறகு ஒவ்வொரு டின்னையும் புரட்டித் தேதியைத் தேடி, தடித்த மார்க்கரால் மாதமும் வருடமும் பெரிதாக எழுத வேண்டும். ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேதி உள்ளவற்றை ஒரு பெட்டியில் அடைத்து, பெட்டியின் வெளிப்பக்கம் வகையும் தேதியும் ஒட்டி, முதலில் முடியப்போவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்படி அடுக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் ஆறு மாதம் கழித்துத் தெரியும்: முன்வரிசையில் புதுச் சரக்கு தீர்ந்துகொண்டிருக்க, சுவரோரம் பழைய சூப் டின்கள் பெட்டிபெட்டியாகத் தேதி தாண்டிக் கிடக்கும். தேதியில் இரண்டு வகை உண்டு. ‘யூஸ் பை’ தாண்டியதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, அது சட்டம். ‘பெஸ்ட் பிஃபோர்’ தாண்டியது தரம் பற்றிய குறிப்பு மட்டுமே, சட்டத் தடை இல்லை. ஆனாலும் பல உணவு வங்கிகள் அதையும் பைக்குள் வைப்பதில்லை. சரியான முடிவு. தேதி போன டின்னைக் கையில் வாங்குகிறவருக்கு அது என்ன சொல்லும் என்பதை யோசித்தால் போதும்.

பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பிரித்துச் சின்னப் பைகளில் போட்டுக் கொடுக்கலாமே என்று நல்ல மனதோடு பலர் கேட்பார்கள். பிரித்த கணமே லேபிள், ஒவ்வாமை விவரம், சுத்தம் எல்லாப் பொறுப்பும் உணவு வங்கியின் தலையில் ஏறும். மூடி உடையாத கடைப் பாக்கெட்டாகக் கொடுப்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

பை கட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. நாலு பேர் வீட்டுக்கான சாமான் சுமையாகவே இருக்கும். வருகிறவர்களில் பலர் பஸ்ஸில் வந்தவர்கள், சிலர் தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள். டின்களை இரட்டைப் பையில், இரு கைக்கும் பாரம் சமமாகும்படி பிரித்துக் கட்ட வேண்டும். மேலே உணவு வங்கியின் பெயர் அச்சடித்த பை கூடாது, சாதாரணக் கடைப் பைதான் வேண்டும். தெருவில் நடந்துபோகும்போது பக்கத்து வீட்டார் கண்ணில் அது வாராந்தர ஷாப்பிங் மாதிரியே தெரிய வேண்டும்.

தலைமை பற்றிப் பேசுவோம், சேவை நிற்பதும் விழுவதும் அங்கேதான். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் வந்த முதல் உள்சண்டையே சாப்பாட்டுப் பங்கீடு பற்றியது. கிரேக்கு பேசும் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அந்த வேலையைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. சபை தெரிந்தெடுத்த ஏழு பேர் கையில் பந்திவிசாரணையை, அதாவது சாப்பாட்டுப் பங்கீட்டைக் கவனிக்கும் வேலையை, ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் மொழி தெரிந்தவர்களிடம் சாவியைக் கொடுத்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன். போதகர்கள் இந்தப் பகுதியில் பிரசங்கம் செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். ட்ரஸ்ஸல் முறையில் நன்றாக நடக்கும் மையங்கள் அதை அமைப்பாகவே வைத்திருக்கின்றன. போதகர் மண்டபத்தைத் திறந்துவிடுவார், சபையை ஊக்குவிப்பார், அறங்காவலர் குழுவில் ஓர் உறுப்பினராக இருப்பார். அன்றாட நடத்தை மேலாளர் கையில், கணக்கு பொருளாளர் கையில்.

பல சபைகள் சேர்ந்து நடத்துவது தனிச் சபை நடத்துவதைவிட நெடுநாள் நிற்கும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேகாரர் என்று ஓர் ஊரில் இருக்கும் எல்லாரும் பங்கெடுத்தால், ஒரு போதகர் மாற்றலாகிப் போனாலும் வேலை நிற்காது. உணவு வங்கிக்கென்று வந்த பணம் அதற்கு மட்டுமே செலவாக வேண்டும். மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது என்று அதில் கைவைப்பது பிரிட்டன் அறக்கட்டளைச் சட்டப்படி தவறு. ஆகவே கணக்கைச் சபைக் காணிக்கையோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும். வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக வரும். இதை மறந்துவிடும் சபைகள் நிறைய.

எங்கே சறுக்குகிறது? மண்டபத்தின் நாட்குறிப்பில்தான் அடிக்கடி. உணவு வங்கி நாளில் ஓர் அடக்க ஆராதனையோ கிறிஸ்துமஸ் ஒத்திகையோ நுழைந்துவிடும், வவுச்சரோடு வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வாரம் கூட்டம் கூடும். பள்ளி விடுமுறையிலும் அப்படியே, பள்ளியின் இலவச மதிய உணவு நின்றுபோவதால். இதையெல்லாம் வருடத் தொடக்கத்திலேயே குறித்து, மூடும் நாளைப் பரிந்துரைக்கும் அமைப்புகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த சறுக்கல், எல்லாச் சாவியும் எல்லா அறிவும் ஒரே ஆளிடம் குவிவது. அவர் படுத்தால் மையம் படுக்கும்.

ஜெபம் பற்றி. பை கைக்கு வருமுன் ஜெபிக்கலாமா என்று கேட்பது முறையே இல்லை, அந்த நேரத்தில் மாட்டேன் என்று சொல்லும் நிலையில் எதிரே இருப்பவர் இல்லை. பையைக் கொடுத்தபிறகு, அவர் விரும்பினால், தனியாக. அவ்வளவே.

தமிழர்களுக்கு மட்டுமான ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். தமிழர் அடர்ந்து வாழும் பகுதியில் மேசையில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர் ஊர்க்காரராகவே இருந்துவிடலாம். நாலு நாளில் செய்தி கலியாண வீடு வரை போய்விடும் என்ற பயத்தில் பலர் வருவதே இல்லை. பரிந்துரைப்பவரிடம் இதைச் சொன்னால் வேறு பகுதி மையத்துக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்ப்பார். வேறொருவர் சென்று வாங்கிவரவும் வழி கேட்கலாம். தமிழ் பேசும் தன்னார்வலர்கள் தேவைதான், மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் தவிக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தெரிந்த முகம் உள்ளே வந்தால், தான் எழுந்து பின்னறைக்குப் போய்ப் பை கட்டும் பக்குவம் அவருக்கு வேண்டும்.

குறைகளில் பெரியது நேரம். பல மையங்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், இரண்டு மணி நேரம், அதுவும் பகலில்தான் திறக்கின்றன. வேலைக்குப் போயும் சம்பளம் போதாதவர்களுக்கு இது எட்டாது. மாலைநேரம் திறக்கும் மையம் பக்கத்தில் இருந்தால் அதைத் தேடிப் போகலாம். வாராவாரம் கொஞ்சம் கைகொடுத்தால் சமாளித்துவிடுவோம் என்ற நிலையில் இருப்பவர்களுக்குச் சர்ச் ஆக்‌ஷன் ஆன் பாவர்ட்டி அமைப்பின் ‘யுவர் லோக்கல் பேன்ட்ரி’ பொருத்தமானது. உறுப்பினராகி, சில பவுண்டு கட்டி, அதைவிடப் பலமடங்கு மதிப்புள்ள சாமானைத் தாங்களே அலமாரியிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். வவுச்சர் வேண்டாம். அவசரப் பட்டினிக்கு உணவு வங்கி, நீண்ட நெருக்கடிக்குப் பேன்ட்ரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் உள்ள தமிழ்ச் சபை ஒன்று இந்த ஊழியத்தில் இறங்க நினைத்தால், புதிதாக ஒன்றைத் தொடங்காமல் ஊரில் ஏற்கெனவே நடப்பதில் சேர்ந்துகொள்வது நல்லது. பிடியரிசி எடுத்துவைத்த பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதில்லை, அந்த ஒழுங்கை இங்கே மாதக் கணக்காக்கினால் போதும். என்ன கொடுப்பது என்று உணவு வங்கியின் தேவைப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாஸ்தாவும் பேக்டு பீன்ஸும் அநேகமாக எங்கும் குவிந்திருக்கும். கெடாத பால், பழச்சாறு, பழ டின், இறைச்சி டின் தட்டுப்பாடாக இருக்கும். ஒரு கிலோ பாக்கெட் பாஸ்மதி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை டின், மீன் டின், அரை லிட்டர் எண்ணெய், சிறு பாக்கெட் மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றை நம் சபைகள் கொடுத்தால் தமிழர் மட்டுமல்ல, வங்காளி, சோமாலி, நைஜீரிய வீடுகளும் பயன்பெறும். அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் மொத்தமாகக் கொட்டினால் கிட்டங்கி திணறும், ஜூலை, ஆகஸ்டில் அலமாரி காலியாகும். பாதியை அந்தக் கோடை மாதங்களுக்கென்று ஒதுக்கி, கொண்டுவரும் நாளையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். எடைபோட ஆள் இருக்கும் நாளாக அவர் குறித்துத் தருவார்.